பக்கத்தைப் பார்க்கிறாங்க, பதிவு மட்டும் பண்ண மாட்டேங்கிறாங்க: பட்டன் நிறத்தை மாத்தினா போதுமா?

கடைக்கோடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. பார்வையற்றவங்களுக்காகப் புத்தகங்களை வாசிச்சு ஒலிப்பதிவு செஞ்சு தர்ற ஒரு தன்னார்வக் குழுவோட இணையதளம் இப்போ என் கைக்கு வந்திருக்கு. வாசிக்கிறதுக்கு ஆள் சேர்க்கிறதுதான் தளத்தோட ஒரே வேலை. சமூக ஊடகத்துல யாராவது பகிர்ந்தா கூட்டம் நல்லாவே வருது. வந்த வேகத்துல போயிடுது. பதிவு செய்றவங்க விரல்விட்டு எண்ணுற அளவுதான்.

பக்கம் எப்படி இருக்குன்னு சொல்லிடறேன். மேலே மூணு படம் மாறி மாறி ஓடுற ஸ்லைடர், அதுமேல "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்". அடுத்து நிறுவனர் செய்தி, குழுவின் வரலாறு, நோக்கம், தொலைநோக்கு. அதுக்கும் கீழே "ஆயிரக்கணக்கான புத்தகங்கள் வாசிக்க ஆளின்றிக் கிடக்கின்றன, யாருமே முன்வருவதில்லை"ன்னு ஒரு பத்தி, பக்கத்துல பார்வையற்ற சிறுவன் ஒருத்தனோட சோகமான படம். கடைசியில படிவம். பெயர், வயது, முழு முகவரி, கல்வித்தகுதி, தொழில், தெரிந்த மொழிகள், முன் அனுபவம், "ஏன் சேர விரும்புகிறீர்கள்"னு ஒரு கட்டுரைப் பெட்டி, குரல் மாதிரிக் கோப்பு. எல்லாத்துக்கும் சிவப்பு நட்சத்திரம். முடிவுல சாம்பல் நிறத்துல ஒரு "சமர்ப்பி".

குழுவுல ரெண்டு யோசனை வந்திருக்கு. பட்டனைப் பெருசாக்கிச் சிவப்புல மின்ன விடுறது ஒண்ணு. "இந்த மாதம் 10 இடங்கள் மட்டுமே"ன்னு ஒரு கவுண்ட்டவுன் ஓட விடுறது இன்னொண்ணு. எதுக்குப் பலன் அதிகம்? அனுபவமுள்ளவங்க சொல்லுங்க.

மூன்றாம்சாமம்

ரெண்டுமே வேண்டாம். உங்க பட்டன் எந்த நிறத்துல இருந்தா என்ன, அது கண்ணுல படுறதுக்கு முன்னாடியே ஆள் கிளம்பிட்டார்.

வாசிச்சுக் குடுக்கணும்னு ஆசையோட ஒருத்தர் வர்றார்னு வெச்சுக்குங்க. அவர் மனசுல என்ன ஓடும்? என் குரல் எடுபடுமா? தனி மைக் வேணுமா, போன் போதுமா? வாரத்துக்கு எவ்வளவு நேரம் போகும்? புத்தகத்தை நான் தேர்ந்தெடுக்கலாமா, இல்ல எதையாவது தலையில கட்டுவாங்களா? பாதியில முடியலேன்னா கழன்டுக்க முடியுமா? இதுல ஒண்ணுக்காவது உங்க பக்கத்துல பதில் இருக்கா? நிறுவனர் செய்திதான் இருக்கு. அதை யாரும் கேட்கலையே.

நான் பதினைஞ்சு வருஷத்துக்கு மேல விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறவள். இணங்க வைக்கிறதுன்னாலே ஆசை காட்டுறதுன்னு நினைச்சுக்கிறாங்க. உங்க விஷயத்துல ஆசை ஏற்கனவே இருக்கு, இல்லேன்னா அந்த இணைப்பைத் தொட்டே இருக்க மாட்டாங்க. தயக்கம்தான் மிச்சம். அது எந்த இடத்துல எட்டிப் பார்க்குதோ அந்த இடத்துலயே பதில் இருக்கணும். "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்"னு தனிப் பக்கம் போட்டு அங்கே புதைச்சா அது பதிலே இல்லை.

நிரல்நாடோடி

அக்கா சொன்னதோட படிவத்தையும் சேர்த்துக்குங்க. கதவைத் தட்டினவரை வாசல்லயே நிறுத்தி வாழ்க்கை வரலாறு கேட்கிற படிவம் இது. முழு முகவரி எதுக்கு? தபால்ல ஏதாவது அனுப்பப் போறீங்களா? கல்வித்தகுதியை வெச்சு யாரையாவது நிராகரிச்சதுண்டா? இல்லேன்னா தூக்கிடுங்க.

இணையதளங்களைப் பயன்படுத்துறது எவ்வளவு சுலபம்னு ஆராயுற ஜாரெட் ஸ்பூல் 2009ல எழுதின ஒரு சம்பவம் எங்க துறையில ரொம்பப் பிரபலம். பேர் சொல்லாத ஒரு பெரிய விற்பனைத் தளம். பொருளைக் கூடையில போட்டு வாங்கப் போனா, நடுவுல மின்னஞ்சல், கடவுச்சொல், "உள்நுழை", "பதிவு செய்" அப்படின்னு ஒரு சின்னப் படிவம் மறிக்கும். "பதிவு செய்"யை எடுத்துட்டு "தொடர்க"ன்னு ஒரு பட்டனும், வாங்குறதுக்குக் கணக்கு தேவையில்லைன்னு ஒரு வரியும் வெச்சாங்க. வாங்கினவங்க எண்ணிக்கை 45 சதவீதம் ஏறுச்சு, முதல் வருஷத்துல கூடுதல் வருமானம் 30 கோடி டாலர்னு எழுதியிருக்கார். அங்கே நிறத்தை யாரும் தொடலை. "இவங்ககிட்ட நான் மாட்டிக்கணுமா"ங்கிற பயத்தைத்தான் எடுத்தாங்க.

ஒரு சந்தேகம். படிவத்துல ஒரு பெட்டி தப்பாப் போனா மத்ததெல்லாம் அழிஞ்சிடுதா? இதைப் பல தளத்துல பார்த்துட்டேன். கட்டுரைப் பெட்டியில மாஞ்சு மாஞ்சு எழுதினவர், போன் நம்பர்ல ஒரு இலக்கம் விட்டதுக்காக எல்லாத்தையும் மறுபடி அடிப்பாரா?

கடைக்கோடி

இப்போதான் சோதிச்சுப் பார்த்தேன். ஆமா, எல்லாம் அழியுது. குரல் கோப்பையும் மறுபடி ஏத்தணும்.

நிரல்நாடோடி

அப்போ கவுண்ட்டவுனுக்கு முன்னாடி இதை முடிங்க. இன்னைக்கே.

பிக்சல்பித்தன்

நிறம் முக்கியமே இல்லைங்கிற மாதிரி பேச்சு போகுது. அதை ஒத்துக்க மாட்டேன். சிவப்பா பச்சையாங்கிற சண்டைதான் வெட்டி. சுத்தி இருக்கிறதுலேர்ந்து பட்டன் தனியாத் தெரியுதா இல்லையாங்கிறது வெட்டி இல்லை. வெள்ளைப் பின்னணியில வெளிர்சாம்பல் பட்டன்னா அது "இப்போ அழுத்த முடியாது"ன்னு சொல்ற மாதிரி இருக்கும். நிஜமாவே செயலிழந்த பட்டனை எல்லாத் தளத்துலயும் அப்படித்தானே காட்டுறோம்? மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துற மாதிரி தளம் அமைக்கிறதுக்கான இணைய அணுகல்தன்மை நெறிமுறைப்படி (WCAG) சாதாரண எழுத்துக்கும் அதோட பின்னணிக்கும் குறைஞ்சது 4.5க்கு 1 ஒளிர்வு வேறுபாடு வேணும். பட்டனை இனங்காட்டுற விளிம்புக்கு 3க்கு 1. உங்க தளத்தோட மத்த நிறங்கள்ல எது அதிகமாப் புழங்கலையோ அதைப் பட்டனுக்கு மட்டும்னு ஒதுக்கிடுங்க. வேற எங்கேயும் அது வரக்கூடாது.

மின்ன விடுறதுக்கு என் ஓட்டு கிடையாது. நொடிக்கு மூணு தடவைக்கு மேல மின்னுற எதுவும் சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம்னு அதே நெறிமுறை தடுக்குது. மெதுவா மின்னினாலும் விளம்பரம்னு நினைச்சுக் கண்ணு தாண்டிப் போயிடும். விளம்பரப் பட்டைகளை மக்கள் பார்க்காமலே கடக்கிறாங்கன்னு 1998லயே பென்வே, லேன்னு ரெண்டு பேர் ஆய்வு பண்ணி "பேனர் பிளைண்ட்னெஸ்"னு பேர் வெச்சுட்டாங்க.

ஸ்லைடரைப் பத்தி யாரும் பேசலையே? மூணு பெரிய படம், அதுவும் முதல் திரையில. போன்ல திறந்தா அது வந்து சேர்றவரைக்கும் வெள்ளைத் திரைதான். பக்கத்தோட முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள்ள தெரியணும்னு கூகுள் ஒரு வரையறை வெச்சிருக்கு. படம் தாமதமா வந்து எழுத்தைக் கீழே தள்ளுதான்னும் பாருங்க. ஒண்ணைத் தொடப்போய் இன்னொண்ணுல விரல் பட்டா அதோட முடிஞ்சுது.

சந்தைக்காரன்

எல்லாரும் ரொம்ப நல்லபிள்ளையாப் பேசுறீங்க. களத்துல இருக்கிறவன் சொல்றேன், அவசரம் வேலை செய்யும். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு மூடிட்டுப் போறவன் திரும்பி வர்றதே இல்லை. "10 இடங்கள் மட்டுமே"ன்னா கை தானா பட்டனுக்குப் போகும். எத்தனை பேர் சேர்ந்திருக்காங்கன்னு ஒரு எண்ணும் போடுங்க, பின்னாலேயே வருவாங்க. ஒரு வீடியோவும் சேருங்க. நல்ல காரியத்துக்குத்தானே, இதுல என்ன பாவம்?

எண்ணிக்கைப்பேய்

சந்தைக்காரன் சார், மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

வீடியோ: 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக ஒபாமா தரப்பு தன் முகப்புப் பக்கத்தில் ஒரு சோதனை நடத்தியது. நான்கு பட்டன் வாசகங்கள், ஒவ்வொன்றோடும் மூன்று படங்களிலோ மூன்று வீடியோக்களிலோ ஒன்று, ஆக 24 சேர்க்கைகள். வீடியோதான் ஜெயிக்கும் என்று குழுவே நம்பியது. எல்லா வீடியோக்களும் எல்லாப் படங்களுக்கும் பின்னால்தான் வந்தன. குடும்பப் படமும் "மேலும் அறிக" என்ற பட்டனும் சேர்ந்தது முதலிடம். பதிவு விகிதம் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 ஆனது. அதைப் பார்த்துவிட்டு உலகமே "மேலும் அறிக" என்று போட ஆரம்பித்தது தனிக் கூத்து. அவர்கள் பக்கத்துக்கு அது பொருந்தியது, அவ்வளவுதான்.

எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற எண்: எண் பெரிதாக இருந்தால் போடலாம். "இதுவரை இணைந்தோர்: 7" என்று போட்டால் எட்டாவது ஆள் பின்வாங்குவார். இதைவிட மோசமானது ஏற்கனவே அந்தப் பக்கத்தில் இருக்கிறது. "யாருமே முன்வருவதில்லை" என்ற அந்தப் பத்தி. அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துப் போய்விடுகிறார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு அங்கே இரண்டு வகை அறிவிப்புப் பலகை வைத்து ஒப்பிட்டது. "முன்பு வந்தவர்கள் பலர் எடுத்துப் போனதால் காடு சீரழிந்துவிட்டது" என்ற பொருளில் ஒன்று. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னது இன்னொன்று. அடையாளமிட்டு வைத்திருந்த துண்டுகளில் முதல் பலகை இருந்தபோது 7.92 சதவீதமும் இரண்டாவது இருந்தபோது 1.67 சதவீதமும் காணாமல் போயின. எல்லோரும் செய்கிறார்கள் என்று புலம்பினால் அதுவே அழைப்பாகிவிடுகிறது. யாருமே வருவதில்லை என்று புலம்பினாலும் அதே கதைதான்.

கவுண்ட்டவுன்: 10 இடங்கள்தான் என்பது உண்மையா?

கடைக்கோடி

உண்மை இல்லை. எத்தனை பேர் வந்தாலும் எடுத்துக்குவோம்.

எண்ணிக்கைப்பேய்

அப்படியென்றால் அது பொய். நல்ல காரியத்துக்கான பொய் என்பதால் வேறு பெயர் கிடைத்துவிடாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதன்மையாக இருந்த ஒரு குழு 2019ல் சுமார் 11,000 விற்பனைத் தளங்களை நிரல் வைத்து அலசியது. இத்தகைய சூழ்ச்சி வடிவமைப்புகள் 1,818 இடங்களில் கிடைத்தன. முடிந்த பிறகும் சலுகை தொடர்கிற கவுண்ட்டவுன்கள் இருந்தன. "இப்போது இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்ற எண்ணை ஜாவாஸ்க்ரிப்ட் தன் பாட்டுக்குத் தோராயமாக உருவாக்கிக் காட்டிய தளங்களும் இருந்தன. பக்கத்தின் மூலநிரலைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

சந்தைக்காரன்

பொய் வேண்டாம், சரி. ஆனா அவசரமே வேண்டாம்னா ஒத்துக்க மாட்டேன். நிஜமான கெடு ஒண்ணு இருந்தா? பரீட்சை வருது, இந்தப் பாடப்புத்தகம் அதுக்கு முன்னாடி ஒலிவடிவுல வேணும்னு ஒரு மாணவர் கேட்டிருக்கார்னு வைங்க. அதைச் சொல்லலாம்தானே?

மூன்றாம்சாமம்

அருமை. அதுதான் சரியான அவசரம். கவுண்ட்டவுன் பெட்டியே வேண்டாம், ஒரு வரி போதும். எந்தப் புத்தகம், யாருக்கு, எந்தத் தேதிக்குள்ள, இன்னும் எத்தனை அத்தியாயம் பாக்கி. முடிஞ்சதும் அந்த வரியை எடுத்துடணும். பழைய கெடு தொங்கிக்கிட்டு இருந்தா பக்கத்துல வேற எதையும் நம்ப மாட்டாங்க.

செவிவழி

இந்த இழை மூன்று நாளாக என் ஸ்க்ரீன் ரீடரில் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பார்வையற்றவன். கடைக்கோடி அவர்கள் தனிச்செய்தியில் இணைப்பு அனுப்பியிருந்தார். தளத்தைத் திறந்து பார்த்தேன். உங்கள் தன்னார்வலர்கள் வாசிப்பதைக் கேட்கப்போகிறவர்களில் ஒருவனாகச் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

அந்தச் "சமர்ப்பி" என் ஸ்க்ரீன் ரீடருக்குப் பட்டனே அல்ல. பட்டன்களை மட்டும் தாவிப் போகும் விசையை அழுத்தினால் பக்கத்தில் பட்டனே இல்லை என்கிறது. பட்டன் என்ற அடையாளமே இல்லாத வெறும் டிவ் (பக்கத்தைப் பகுதி பிரிக்கும் நிரல் பெட்டி) ஒன்றில் சொடுக்கு நிகழ்வைக் கட்டியிருக்கிறார்கள். டேப் விசையிலும் அது அகப்படவில்லை. கை நடுக்கத்தால் மௌஸ் பிடிக்க முடியாமல் விசைப்பலகையை நம்பியிருக்கும் ஒருவருக்கும் இதே கதிதான், அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும்.

படிவப் பெட்டிகளுக்கு லேபிள் இல்லை. பெட்டிக்குள் மங்கலாக எழுதி, தட்டச்சு ஆரம்பித்ததும் மறைந்துவிடுகிற எழுத்துதான் இருக்கிறது. பாதியில் யாராவது அழைத்துப் பேசிவிட்டுத் திரும்பினால் எந்தப் பெட்டியில் எதை எழுதினோம் என்று பார்வையுள்ளவர்களுக்கே தெரியாது. தவறு நேர்ந்தால் பெட்டியின் விளிம்பு சிவப்பாகிறது என்று நண்பர் பார்த்துச் சொன்னார். எனக்கு எதுவுமே கேட்கவில்லை, பக்கம் அமைதியாக இருந்தது.

ஸ்லைடர் தானாக ஓடுவதை நிறுத்த வழியில்லை. ஐந்து நொடிக்கு மேல் தானாக நகரும் எதையும் நிறுத்த வழி தரவேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது.

அப்புறம் அந்தச் சிறுவன் படம். நண்பர் வர்ணித்ததைக் கேட்டபோது கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. எங்களைப் பார்த்து யாரும் கண்ணீர் விட வேண்டாம். எனக்கு வேண்டியது அடுத்த அத்தியாயம். இரக்கத்தால் வருகிறவர் முதல் வாரம் நெகிழ்ந்து வாசிப்பார், மூன்றாவது அத்தியாயத்தில் காணாமல் போவார். பாதியில் நின்ற புத்தகம் கையில் இல்லாத புத்தகத்தைவிட மோசம். கதையில் ஆழ்ந்து வாசிக்கப் பிடித்தவர் வேண்டும். அவரை அழைக்கும்படி எழுதுங்கள்.

பிக்சல்பித்தன்

சார், இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழையைப் பின் செய்யலாம்.

இணைய அணுகல்தன்மைக்காக வேலை செய்ற வெப்எய்ம் அமைப்பு 2019லேர்ந்து வருஷாவருஷம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்குது. பின்னணியோட கலந்துபோற மங்கல் எழுத்துதான் ஒவ்வொரு வருஷமும் முதலிடத்துல இருக்கிற குறை. லேபிள் இல்லாத படிவப் பெட்டியும் பட்டியல்ல தவறாம வரும். எதுவும் கஷ்டமான வேலை இல்லை, யாரும் கவனிக்கிறதில்லை.

எண்ணிக்கைப்பேய்

செவிவழி அவர்கள் படத்தைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு சான்றும் உண்டு. பிரிட்டன் அரசின் இணையதளத்தில் வாகன வரி கட்டி முடித்ததும் ஒரு நன்றிப் பக்கம் வரும். 2013ல் அங்கே உடல் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யச் சொல்லி எட்டு விதமான வாசகங்களைச் சோதித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். வெறுமனே "பதிவேட்டில் சேருங்கள்" என்றதற்கு 2.3 சதவீதம் பேர் பதிவு செய்தார்கள். "உங்களுக்கு உறுப்பு தேவைப்பட்டால் பெற்றுக்கொள்வீர்களா? ஆம் என்றால் பிறருக்கும் உதவுங்கள்" என்ற பொருளில் அமைந்த வாசகத்துக்கு 3.1 சதவீதம். அதுதான் முதலிடம். "தினமும் ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்கிறார்கள்" என்ற வாசகமும் ஓரளவு உதவியது. அதே வாசகத்தோடு ஒரு குழுவின் புகைப்படத்தைச் சேர்த்தபோது, படமோ கூடுதல் வாசகமோ இல்லாத வடிவத்தைவிடவும் கீழே போய்விட்டது. படம் வைத்தால் நல்லதுதானே என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

இதில் எனக்கு அதிகம் பிடித்தது கேட்ட நேரம். வரி கட்டி முடித்துவிட்டார், மனம் லேசாகியிருக்கிறது, கை இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்போது கேட்டார்கள்.

கடைக்கோடி

நிறைய விஷயம் கிடைச்சுது, எல்லாருக்கும் நன்றி. செவிவழி சார், படத்தை இப்போவே எடுத்தாச்சு. டிவ்வை நிஜமான பட்டனா மாத்திட்டேன்.

இப்போ வாசகம்தான் உதைக்குது. முதல் திரையில என்ன எழுதுறது? நான் போட்டது: "வாசிப்போம், நேசிப்போம், உலகை மாற்றுவோம்! எங்களின் உன்னத சேவையில் இணைந்திடுங்கள்." மூன்றாம்சாமம் அக்கா, கொஞ்சம் பாருங்க.

மூன்றாம்சாமம்

இதை எந்தத் தளத்துல வேணும்னாலும் ஒட்டிடலாம், மரம் நடுற குழுவுக்குக்கூடப் பொருந்தும். அதான் கோளாறு. "உன்னத"த்தை நீங்களே சொல்லிக்கக் கூடாது, வர்றவங்க சொல்லணும்.

நான் எழுதினா இப்படி:

"நீங்கள் வாசிக்கும் கதையை, கண்ணால் படிக்க முடியாத ஒருவர் கேட்பார்."

அதுக்குக் கீழே சின்ன எழுத்துல: "உங்கள் போன் போதும். வாரம் ஒரு மணி நேரம். புத்தகத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்." (ஒரு மணி நேரம்கிறது உங்க குழுவோட நிஜமான எதிர்பார்ப்பா இருந்தா மட்டும். இல்லேன்னா நிஜத்தைப் போடுங்க.)

பட்டன்ல: "ஒரு பத்தி வாசித்துப் பார்க்கிறேன்."

பட்டனுக்கு அடியில: "பிடிக்காவிட்டால் அனுப்பாமலே விட்டுவிடலாம். பதிவு அழிந்துவிடும்."

பட்டனை அழுத்தினா என்ன நடக்கும்னு அழுத்துறதுக்கு முன்னாடியே தெரியணும். "சமர்ப்பி"ன்னா எதுக்குக் கையெழுத்துப் போடுறோம்னே தெரியலை. "ஒரு பத்தி வாசித்துப் பார்க்கிறேன்"னா பயமில்லை. அந்த ஒரு பத்தியை வாசிச்சு முடிச்சவர் பாதி வாசகர் ஆயிட்டார்.

இன்னொண்ணு. அந்தப் பட்டனுக்குப் பக்கத்துல ஒரு ஒலித்துண்டு வைங்க. தேர்ந்த குரலா இருக்கக் கூடாது. கொஞ்சம் தடுமாறுற, சாதாரண ஆள் வாசிச்சதுதான் வேணும். "என் குரல் எடுபடுமா"ங்கிற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எழுத்துல கிடையாது.

செவிவழி

வழிமொழிகிறேன். தடுமாறும் குரல்கள் எங்களுக்குப் பழக்கம்தான். பக்க எண்ணை மட்டும் மறக்காமல் வாசித்தால் போதும்.

நிரல்நாடோடி

உலாவியிலேயே பதிவு பண்றதுன்னா ஒரு எச்சரிக்கை. பக்கம் திறந்ததுமே மைக் அனுமதி கேட்காதீங்க. பத்துக்கு எட்டு பேர் மறுப்பாங்கன்னு சொல்லலாம்தான், ஆனா எண்ணிக்கைப்பேய் சான்று கேட்பார். மறுத்துட்டா மறுபடி கேட்க முடியாம உலாவி தடுத்துடும், அமைப்புக்குள்ள போய் மாத்தணும். யாரும் போக மாட்டாங்க. "பதிவைத் தொடங்கு"வை அழுத்தின பிறகு கேளுங்க, அப்போ ஏன் கேட்கிறோம்னு அவங்களுக்கே புரியும். தளம் எச்டிடிபிஎஸ்ல இல்லேன்னா மைக் வேலையே செய்யாது, அதையும் பாருங்க.

பேரும் மின்னஞ்சலும் போதும், அதுவும் வாசிச்சு முடிச்ச பிறகு. பெட்டிகளுக்கு ஆட்டோஃபில் குறிப்பு வெச்சா போனே நிரப்பிக் குடுத்துடும். மாதச் செய்திமடலுக்கு டிக் பெட்டி வெச்சா அது காலியா இருக்கட்டும். முன்கூட்டியே டிக் போட்டு வெச்ச பெட்டி சம்மதமே இல்லைன்னு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர்ல தீர்ப்பே குடுத்திருக்கு. அது குக்கீ வழக்குதான், ஆனா நியாயம் ஒண்ணுதானே.

எண்ணிக்கைப்பேய்

எனக்குச் சிரிப்பு வந்தது, சரி.

கடைக்கோடி, இரண்டு வடிவத்தையும் ஏ/பி டெஸ்ட் (வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றையும் மீதிப் பேருக்கு மற்றதையும் காட்டி ஒப்பிடுவது) செய்து பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் அளவுக்கு அது வேண்டாம். நூறு பேரில் இரண்டு பேர் பதிவு செய்கிறார்கள் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அது 2.2 ஆக ஏறியதா என்பதை வழக்கமான நம்பகத்தன்மையோடு சொல்ல, ஒவ்வொரு வடிவத்தையும் ஏறக்குறைய 80,000 பேர் பார்த்திருக்க வேண்டும். 3 ஆக ஏறியதா என்று பார்க்கவே வடிவத்துக்கு ஏறக்குறைய 3,800 பேர். தினமும் எட்டிப் பார்த்துவிட்டு, முன்னால் இருக்கும் அன்றைக்கு நிறுத்திக்கொள்வது இன்னும் மோசம். தற்செயலாக ஒன்று முந்துகிற நாள் எப்படியும் வரும், அன்றைக்குக் கொடி ஏற்றிவிடுவீர்கள்.

அதற்குப் பதில் குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத ஐந்து பேரை உட்காரவைத்துப் போனைக் கையில் கொடுங்கள். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ல் சொன்ன கணக்கு, பெரும்பாலான சிக்கல்கள் ஐந்து பேரிலேயே தெரிந்துவிடும் என்று. அந்த எண்ணைப் பற்றிச் சண்டை உண்டு, ஆனால் பூஜ்யத்தைவிட ஐந்து எவ்வளவோ மேல். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. "அது அங்கே இருக்கிறது பாருங்கள்" என்று விரல் நீட்டத் தோன்றும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் சரிசெய்ய வேண்டிய பட்டியல். அதில் ஒருவராவது ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவராக இருக்கட்டும்.

எதை எண்ணுகிறீர்கள் என்பதையும் மாற்றுங்கள். பதிவு எண்ணிக்கை உங்களுக்கு எதற்கு? முதல் அத்தியாயத்தை முடித்து அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். கவுண்ட்டவுன் வைத்தால் பதிவு ஏறலாம். முதல் அத்தியாயம் ஏறாது.

சந்தைக்காரன்

இந்தக் கடைசி வரிக்கு நான் எதிர்வாதம் பண்ணப் போறதில்லை. விற்பனையிலயும் திருப்பி அனுப்புற பொருளைக் கழிச்சாத்தான் கணக்கு.

ஆனா ஒண்ணு பாக்கி இருக்கு. ஸ்டான்ஃபோர்ட்ல பி.ஜே. ஃபாக்னு ஒரு ஆய்வாளர், 2009ல ஒரு மாதிரி போட்டார். ஆசை, சுலபம், தூண்டல் மூணும் ஒரே நேரத்துல கூடி வந்தாத்தான் செயல் நடக்கும்ங்கிறது அதோட சாரம். ஆசை இருக்குன்னு அக்கா சொல்லிட்டாங்க. சுலபமாக்க நாடோடி வழி சொல்லிட்டார். தூண்டலைப் பத்தி யாரும் பேசலை. பஸ்ல நின்னுக்கிட்டே பார்க்கிறவர் அங்கேயே ஒரு பத்தி வாசிக்க முடியுமா? சத்தம், கூட்டம், கூச்சம். அவருக்கு இன்னொரு சின்ன வழி வேணும். "இன்று இரவு நினைவூட்டுங்கள்"னு ஒரு இணைப்பு, மின்னஞ்சல் மட்டும் வாங்கிக்கிட்டு. சொன்ன நேரத்துக்கு ஒரே ஒரு கடிதம், அதுல நேரா பதிவுப் பக்கத்துக்கே போற இணைப்பு. அதுக்கு மேல அனுப்பினா நானே ஸ்பாம்ல போட்டுடுவேன்.

மூன்றாம்சாமம்

சார், இது நல்லா இருக்கு. பெரிய பட்டனுக்குப் போட்டியா இல்லாம, கீழே வெறும் எழுத்து இணைப்பா வைங்க.

கடைக்கோடி

ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, நிலவரம் சொல்லிடறேன். ஸ்லைடர் போச்சு. ஒரு வாக்கியம், ஒரு ஒலித்துண்டு, ஒரு பட்டன், இவ்வளவுதான் முதல் திரை. கட்டுரைப் பெட்டியும் முகவரியும் காலி. நினைவூட்டல் இணைப்பும் வெச்சாச்சு. நிறுவனர் செய்தியை "எங்களைப் பற்றி" பக்கத்துக்கு நகர்த்தினதுல மட்டும் குழுவுக்குள்ள இன்னும் மனஸ்தாபம் தீரலை. அதை யாரும் படிக்கிறதில்லைன்னு புள்ளிவிவரத்தைக் காட்டினேன். "மேலே இருந்தா படிப்பாங்க"ன்னு பதில் வந்துச்சு.

ஆட்களை உட்கார வெச்சுப் பார்த்ததுல ஒண்ணு யாரும் எதிர்பார்க்காதது. வாசிச்சு முடிச்சதும் பாதிப் பேர் தங்களோட குரலைப் போட்டுக் கேட்டாங்க. முகம் சுளிச்சாங்க. "மறுபடி வாசிக்கிறேன்"னு பட்டனைத் தேடினாங்க. அப்படி ஒரு பட்டனே இல்லை. ரெண்டு பேர் பக்கத்தை மூடிட்டாங்க.

மூன்றாம்சாமம்

தன் குரல் யாருக்குத்தான் பிடிக்கும்! மறுபதிவு பட்டன் கட்டாயம் வேணும். அதோட அந்த இடத்துலயே ஒரு வரி: "பதிவில் கேட்கும்போது எல்லோருக்கும் தன் குரல் அந்நியமாகத்தான் தெரியும்." தயக்கம் எட்டிப் பார்க்கிற இடம்னு சொன்னேனே, இதுதான்.

செவிவழி

அந்த வரியை என் பெயரில் போட்டுக்கொள்ளலாம். "கேட்பவர் ஒருவர்" என்று கையொப்பமிட்டால் போதும்.

கடைக்கோடி

நன்றி சார், இன்னைக்கே போட்டுடறேன். நாடோடி, ஒரு கேள்வி பாக்கி. போனைப் படுக்கைவாக்குல பிடிச்சு மின்னஞ்சல் அடிக்கும்போது "அனுப்பு" பட்டன் விசைப்பலகைக்கு அடியில மறைஞ்சிடுது. ரெண்டு மாடல்ல பார்த்துட்டேன்.

நிரல்நாடோடி

பட்டனைத் திரையோட அடியில ஒட்டி வெச்சிருக்கீங்க, அதான். ஒட்டுறதை எடுத்துட்டு மின்னஞ்சல் பெட்டிக்கு நேர் கீழே சாதாரணமா வைங்க. விசைப்பலகையில இருக்கிற என்டர் விசையிலயும் படிவம் போகணும். பெட்டியும் பட்டனும் ஒரே ஃபார்ம் டேகுக்குள்ள இருந்தா அது தானா நடக்கும். இல்லேன்னா அந்தப் பகுதி நிரலை மட்டும் இங்கே ஒட்டுங்க, பார்க்கிறேன்.